வாயிலும் வாயிற்கண்ணும்
காணொளி அழைப்புமணியைத் தேரும் முறை

'இல்வாய்' என்னுஞ் சொற்றொடரே முன்பின்னாக மாறி 'வாயில்' என வழங்குகின்றது என்றும், அஃது இலக்கணப்போலி என்றும் இலக்கண நூலார் கூறுவர். இச்சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. அகத்திணை நூல்களிலே, தலைவனுக்குந் தலைவிக்குமிடையே செய்தி கொண்டு செல்லும் பாணன், தோழி முதலியோரும் வாயில்கள் எனப்படுவர். ஆகவே, தமிழில் வாயில் என்பது புகும் வழியையுங் குறிக்கும். புறத்தே நின்றார் செய்தியை அகத்தே இருப்பார்க்கு உரைக்குந் தூதினையுங் குறிக்கும். இக்காலத்தில் வீடுகளிற் பொருத்தப்படும் காணொளி அழைப்புமணி இவ்விரு பொருளையும் ஒருங்கே உடைய கருவியாகும். அது வாயிலில் நிற்பது, வந்தாரைப்பற்றி உரைப்பது. தூதனைத் தேர்வோர், அவன் எதனைக் காண்கிறான், கண்டதை எவரிடஞ் சென்று உரைக்கிறான் என்னும் இரண்டினையும் ஆராய்ந்தே தேர்வர். இக்கருவியைத் தேர்வோரும் அங்ஙனமே செய்தல் வேண்டும் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

மாலையில் வாயிலை அடைக்குமுன், உள்ளே வரவேண்டியவர் எவரேனும் உளரோ என வினவியறியும் வழக்கம் பண்டைத் தமிழகத்தில் இருந்தமையைக் குறுந்தொகையின் 118ஆம் பாட்டினால் அறிகின்றோம். யாழ்ப்பாணத்தில் வழிப்போக்கர் நிழலிலிருந்து இளைப்பாறும்பொருட்டுக் கூரை வேய்ந்த சங்கடப்படலை அமைத்தனர் நம் முன்னோர். இன்று வேலியின் இடத்தை மதிலும், படலையின் இடத்தை உயர்ந்த இரும்புக் கதவும் பெற்றுவிட்டன. வீட்டிலே முதியோர் இருவர் அல்லது ஒருவர் மாத்திரம் இருக்க, மக்கள் கடல்கடந்த நாடுகளில் வாழும் நிலை நம்மூர்களிற் பலவிடத்துங் காணப்படுகின்றது. படலையிலே ஒருவர் கூப்பிட்டால், செவிப்புலன் குறைந்தார்க்கு அது கேட்பதில்லை. கேட்டாலும், முழங்கால் நோவுடன் முற்றத்தைக் கடந்து சென்று கதவைத் திறந்த பின்னரே வந்தவர் யாவர் என்பது தெரிகின்றது. வந்தவர் அயலவராயின் நன்று. அல்லாராயின் அறிந்தும் பயனில்லை. திறக்குமுன் அறிதல் என்னும் இத்தேவையே இக்கருவியின் பிறப்புக்குங் காரணமாயிற்று.

கருவியின் வரலாறு

மின்காந்தத்தினால் மணியை ஒலிப்பிக்கும் முறையை 1831ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அல்பனி நகரிலே யோசேப்பு ஹென்றி என்னும் பௌதிக அறிஞர் காட்டினார். ஒரு மைலுக்கு மேற்பட்ட நீளமுடைய கம்பியின் ஒரு தலையிலே மின்கலத்தை இணைக்க, மறுதலையிலே மணி ஒலித்தது. மின்சார அழைப்புமணிக்கு வழிவகுத்த சோதனைகளுள் இது தலையாயது.

மணியோடு காட்சியைச் சேர்த்த பெருமை நியூயோர்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த தாதியாகிய மேரி வான் பிரிட்டன் பிரௌன் என்பாருக்கு உரியது. வேலை நேரம் ஒழுங்கற்றிருந்தமையால் அவர் பல வேளைகளில் வீட்டில் தனித்திருக்க நேர்ந்தது. அப்பகுதியிற் குற்றச்செயல் மிகுந்திருந்தது. காவற்றுறையினர் விரைந்து வருவதில்லை. ஆதலின், மின்பொறி வல்லுநராகிய தங் கணவர் அல்பேட் பிரௌனுடன் சேர்ந்து அவர் ஒரு பொறியமைப்பை வகுத்தார். கதவிலே வெவ்வேறு உயரங்களில் நான்கு துளைகள். அவற்றினூடே நோக்கும் நகருங் கமரா. அறையினுள்ளே தொலைக்காட்சித் திரை. வந்தாருடன் உரையாட ஒலிவாங்கி. தொலைவிலிருந்தே கதவைத் திறக்கும் விசை. ஆபத்து நேர்ந்தால் அறிவிக்கும் பொத்தான் என்பன அதன் உறுப்புகள். 1966ஆம் ஆண்டிலே விண்ணப்பிக்கப்பட்ட இவ்வமைப்புக்கு 1969ஆம் ஆண்டு திசெம்பர் 2ஆம் நாள் அமெரிக்க ஆக்கவுரிமை வழங்கப்பட்டது.

கைத்தொலைபேசியும் இணையமும் பரவிய பின்னர், 2013ஆம் ஆண்டளவில் 'டோர்பொட்' என்னும் பெயரால் ஒரு கருவி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதுவே மறுவருடம் 'ரிங்' எனப் பெயர் மாறிற்று. 2018இல் அமேசன் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று. பிரௌனின் அமைப்புக்கும் இன்றையதற்கும் உள்ள தலையாய வேறுபாடு ஒன்றுண்டு. அன்று காட்சி கதவிலிருந்து படுக்கையறை வரையே சென்றது. இன்றோ அது வீட்டைவிட்டு வெளியேறி, எங்கோ உள்ள ஒரு நிறுவனத்தின் கணினியை அடைந்து, அங்கிருந்து மீண்டு நம் கைக்கு வருகின்றது. இவ்வேறுபாட்டின் விளைவைப் பின்னர் நோக்குவாம்.

படலையா, கதவா?

மேனாட்டு வீடுகளிற் பெரும்பாலானவற்றின் முன்கதவு தெருவை அணித்தாக நோக்குவது. அக்கருவிகள் அத்தகைய கதவுக்கென்றே வகுக்கப்பட்டவை. நம் வீடுகளிலோ படலைக்குங் கதவுக்குமிடையே பத்து, பதினைந்து, சிலவிடங்களில் முப்பது மீற்றர் நீளமான முற்றம் உண்டு. கதவிற் பொருத்தினால், படலையில் நிற்பவரைக் கருவி காணாது. படலையிற் பொருத்தினால், வீட்டினுள் உள்ள வைபை அலை அதனை எட்டாது போகலாம். எனவே, கருவியின் விலையை வினவுவதற்கு முன்னர் இந்நீளத்தை அளந்தறிதல் வேண்டும்.

வைபை பெரும்பாலும் 2.4 கிகாஹேட்ஸ், 5 கிகாஹேட்ஸ் என்னும் இரு மீடிறன்களில் இயங்கும். முன்னையது சுவர்களை ஊடுருவி அதிக தூரஞ் செல்ல வல்லது. பின்னையது வேகமுடையதாயினுஞ் சுவர்களாலே விரைந்து தளர்வது. பழைய வீடுகளின் தடித்த சுண்ணக்கற் சுவரும், இரும்புக் கதவும் அலைக்குப் பெருந்தடைகள். கருவியை வாங்குமுன், கைத்தொலைபேசியுடன் படலையடியிற் சென்று நின்று, அங்கே வீட்டு வைபை மூலம் ஒரு காணொளி தடையின்றி ஓடுகின்றதா எனப் பார்த்தல் எளிய சோதனை. அங்கே அது தடைப்படுமாயின், எத்துணை உயர்ந்த கருவியுந் தடைப்படும்.

படலை தொலைவில் இருப்பின், இணையத்தை வேண்டாத பழைய முறையே சிறந்ததாகலாம். படலையிலே கமராவும் பொத்தானும், வீட்டினுள்ளே சுவரிற் பொருத்திய திரையும், இரண்டையும் இணைக்குங் கம்பியும் உடைய காணொளி வாயிற்பேசிகள் இன்றும் விற்பனையாகின்றன. தக்க தடிப்புள்ள கம்பியாயிற் பல பத்து மீற்றர் தூரத்துக்கு அவை இயங்கும். மின்பூட்டையும் உடன் இணைத்துக்கொண்டால், உள்ளிருந்தே படலையைத் திறக்கலாம். கைத்தொலைபேசியைக் கையாள அறியாத முதியோர்க்கு ஒரு திரையும் ஒரு பொத்தானும் போதும்.

மின்வலு

கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ உறவினர் ஓர் அழைப்புமணியைக் கொண்டுவந்து கொடுத்தல் நம்மிடையே நிகழ்வதே. ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. அந்நாடுகளிலே கம்பிவழி இயங்கும் அழைப்புமணிகள், நிலைமாற்றியினாற் குறைக்கப்பட்ட 16 முதல் 24 வோல்ற்று வரையான ஆடலோட்டத்தில் இயங்குபவை. நம் நாட்டு வீடுகளிலோ பழைய அழைப்புமணியின் பொத்தானுக்கு 230 வோல்ற்று மின்னோட்டமே நேராகச் சென்றிருத்தல் கூடும். பொத்தானைக் கழற்றிவிட்டு அக்கம்பிகளிலே புதிய கருவியை இணைப்பின் கருவி எரியும். இணைப்பவர் உயிருக்கும் இடருண்டு. 230 வோல்ற்றை ஏற்கும் நிலைமாற்றியைத் தகுதியுள்ள மின்வினைஞர் ஒருவரைக்கொண்டு பொருத்துவித்த பின்னரே இவற்றைப் பயன்படுத்தல் வேண்டும். அந்நாட்டு நிலைமாற்றி 120 வோல்ற்றுக்கு உரியதாகலின் அதுவும் இங்கு உதவாது.

மின்கலத்தால் இயங்குபவை இவ்விடர் அற்றவை. ஆயினும், இலிதியம் மின்கலம் வெப்பத்தை விரும்புவதன்று. 45 பாகை சதமவளவைக்கு மேல் அதனை மின்னேற்றலாகாது என்பது பொது விதி. மேற்கு நோக்கிய படலையிலே சித்திரை, வைகாசி மாதங்களின் வெயிலில் நாள்முழுதும் நிற்கும் கருவி இவ்வெல்லையை எளிதிற் கடக்கும். ஆகவே, சிறு கூரையொன்றின் நிழலிற் கருவியை அமைத்து, மின்கலத்தைக் கழற்றி வீட்டினுள் வைத்து மின்னேற்றுதல் நன்று.

மின்வெட்டையும் மறத்தலாகாது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. அழைப்புமணியில் மின்கலம் இருப்பினும், வீட்டிலுள்ள இணைய ரவுட்டர் அணைந்துவிட்டால் அது கண்டதை உரைக்க வழியில்லை. ரவுட்டருக்கென விற்கப்படும் சிறிய சேமமின் கருவி ஒன்றை உடன் வாங்குதல், அழைப்புமணியை வாங்குதலோடு ஒத்த தேவையுடையது.

காண்பதும் காணாததும்

விற்போர் முதலிற் கூறுவது படப்புள்ளிகளின் தொகையையே. அத்தொகை மாத்திரம் பயன்றராது என்பதை ஒரு கணக்கினால் விளக்குவாம். அகலப்பாட்டில் 1920 படப்புள்ளிகள் உடைய ஒரு கருவி 160 பாகை அகலத்தை நோக்குவதாகக் கொள்வோம். ஒரு பாகைக்குப் பன்னிரண்டு புள்ளிகள் அமையும். பதினாறு சதமமீற்றர் அகலமுடைய ஒரு முகம், மூன்று மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ மூன்று பாகையை அடக்கும். ஆகவே அம்முகத்துக்குக் கிடைப்பவை முப்பத்தேழு புள்ளிகள். ஆறு மீற்றரில் அவை பதினெட்டாகும். பதினைந்து மீற்றரில் ஏழாகும். முன்பின் அறியாத ஒருவரை ஐயமின்றி அடையாளங்காண மீற்றருக்கு 250 புள்ளிகள் வேண்டும் எனச் சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு 2014இல் வெளியிட்ட நியமங் கூறும். நம் கணக்கிலுள்ள முகத்துக்கு அது நாற்பது புள்ளிகளாகும். எனவே, இத்தகைய கருவி முகத்தை அறிந்துரைக்கும் எல்லை மூன்று மீற்றரளவே என்பது தெற்றென விளங்கும். கதவிலே பொருத்திய கருவி படலையில் நிற்பவரை அடையாளங்காட்டும் என எண்ணுதல் வீண். பார்வையகலம் கூடுந்தோறும் ஒவ்வொரு முகத்துக்கும் உரிய புள்ளிகள் குறையும் என்பதும் இதனாற் பெறப்படும்.

இரவிலே இக்கருவிகள் செந்நிறக்கீழ்க் கதிர்களைப் பாய்ச்சிக் காண்பன. அப்பொழுது படங் கருமையும் வெண்மையுமாகவே அமையும். கரிய துணி சில வேளைகளில் வெளிறித் தோன்றும். ஆதலின் இரவுப் படத்தைக்கொண்டு ஆடையின் நிறத்தைத் துணிதல் தவறு. படலையடியிலே ஒரு சிறு விளக்கு எரியுமாயின் இக்குறை பெரிதும் நீங்கும். கருவியைத் தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீற்றர் உயரத்திற் பொருத்துதல் வழக்கம். அதற்குமேல் உயர்த்தினால் தொப்பியுந் தலையுமே தெரியும்.

அசைவை உணரும் உறுப்புப் பல கருவிகளில் உடல்வெப்பத்தை உணர்வதாக அமைந்தது. மனித உடலுக்கும் அதன் பின்புலத்துக்குமுள்ள வெப்ப வேறுபாட்டையே அது அறியும். நண்பகலில் மதிலுந் தரையும் உடலளவு சூடேறிய வேளையில் அவ்வேறுபாடு சுருங்குதலால் உணர்ச்சியும் மந்தமாகும். அன்றியும், குறுக்கே நடப்பவரை அது நன்குணரும். நேராக நோக்கி வருபவரை அவ்வளவு உணராது. படத்தை ஆராய்ந்து மனிதரையும் விலங்கையும் வேறுபிரித்தறியும் கருவிகள் உண்டு. நாயும் மாடும் உலவும் ஒழுங்கைகளில் அவ்வேறுபாடு அறியாத கருவி நாள்முழுதும் ஓலமிடும். சின்னாளில் வீட்டார் அதன் ஒலியைப் பொருட்படுத்தாது விடுவர். அதன்பின் உண்மையான அழைப்பும் வீணாகும்.

ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள மழையும், கடற்கரையூர்களின் உப்புக்காற்றும் கருவிக்குப் பகை. 'ஐபி' என்னும் எழுத்துகளுக்குப் பின்வரும் இரண்டு எண்களுள் முதலாவது தூசியையும் இரண்டாவது நீரையுந் தாங்குந் திறனைக் குறிக்கும். 65 என்பது தூசி புகாமையையும், பீச்சும் நீரைத் தாங்குதலையுங் காட்டும். அதற்குக் குறையாததைத் தேர்தல் நலம். பொருத்தும் ஆணிகளும் துருவேறாத உருக்காயிருத்தல் வேண்டும்.

சேமிப்பும் செலவும்

கண்டதைச் சேமிக்கும் இடம் இரண்டு. ஒன்று வீட்டிலே உள்ள நினைவக அட்டை. மற்றது நிறுவனத்தின் முகிற் சேமிப்பு. செக்கனுக்கு இரண்டு மெகாபிற்று வீதம் முப்பது செக்கன் பதிவு செய்தால் 7.5 மெகாபைற்று ஆகும். நாளொன்றுக்கு நாற்பது பதிவுகள் எனின், மாதமொன்றுக்கு ஒன்பது கிகாபைற்று. அளவுக்கேற்பப் பணங் கட்டும் இணையச் சேவையுடைய வீட்டுக்கு இது சிறிய செலவன்று. முகிற் சேமிப்புக்கு மாதக் கட்டணமும் வேறாக உண்டு. சில கருவிகள் கட்டணத்தை நிறுத்தியதும் பழைய பதிவுகளைக் காட்ட மறுக்கும். ஆகவே கடையில் உள்ள விலையை மாத்திரம் நோக்காது, ஐந்தாண்டுக் கட்டணத்தையும் அதனொடு கூட்டி, வரும் தொகையையே விலையாகக் கொள்ளுதல் வேண்டும். அட்டையிற் சேமிப்பதற்குக் கட்டணம் இல்லை. எனினும், அட்டை படலையிலுள்ள கருவியின் உள்ளேயே இருப்பின், கருவியைப் பிடுங்கிச் செல்பவன் சான்றையும் உடன் கொண்டு செல்வான். வீட்டினுள் வைக்கும் ஏற்பியிலே அட்டையை உடைய வகை இவ்விரண்டுக்கும் நடுவணது.

எவரிடம் உரைக்கிறது?

தூதனின் இரண்டாம் இலக்கணத்துக்கு வருவாம். 2023ஆம் ஆண்டிலே அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணைக்குழு ரிங் நிறுவனத்தின்மீது குற்றஞ் சாட்டியது. பணியாளரும் ஒப்பந்தக்காரரும் வாடிக்கையாளரின் தனிப்பட்ட காணொளிகளைப் பார்க்க விட்டமையும், புறத்தார் கணக்குகளுட் புகுவதைத் தடுக்கத் தக்க காவல் செய்யாமையும் அக்குற்றங்கள். 58 இலட்சம் டொலர் செலுத்த நிறுவனம் உடன்பட்டது. 2024 பெப்ரவரியில், 'கன்சியூமர் ரிப்போட்ஸ்' என்னும் நுகர்வோர் அமைப்பு மலிவான சில அழைப்புமணிகளைச் சோதித்து, படலைக்கு வந்த எவரும் பொத்தானைச் சில செக்கன் அழுத்திப் பிடித்தே கருவியைத் தம் வசமாக்கலாம் என வெளியிட்டது. வீட்டைக் காக்கும் கண் அயலானுக்கு வீட்டைக் காட்டுங் கண்ணாயிற்று.

இதனின்று தேர்வுக்குரிய வினாக்கள் பிறக்கின்றன. தொழிற்சாலையிலிருந்து எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் வருகின்றதா? கடவுச்சொல்லோடு தொலைபேசிக்கு வரும் இரண்டாம் இலக்கத்தையுங் கேட்கின்றதா? வீட்டார் தவிர நிறுவனத்தாரும் பார்க்கவியலாதபடி காட்சி மறைகுறியாக்கப்படுகின்றதா? எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் அனுப்பப்படும்? பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், எல்லாக் கருவிக்கும் பொதுவான கடவுச்சொல்லைத் தடுத்துள்ளது. திருத்தங்கள் வழங்கப்படுங் காலத்தை வெளியிடுமாறும் பணித்துள்ளது. இவ்வினாக்களுக்கு விடையில்லாத மலிவான கருவியை, எத்துணை தெளிவாகக் காட்டினும், விலக்குதலே தக்கது.

இனி, உரைப்பது எந்த மனிதருக்கு என்பதும் ஆராயற்பாலது. தந்தையார் இருக்கும் வீட்டின் அழைப்பு, ரொறன்ரோவிலுள்ள மகனின் தொலைபேசியில் மாத்திரம் ஒலிக்குமாறு அமைப்பதைச் சிலர் காவல் எனக் கருதுகின்றனர். இங்கே நண்பகல் பன்னிரண்டு மணியாகும்போது அங்கே கோடைகாலத்தில் அதிகாலை இரண்டரை மணி. உறங்குபவர் காவலராகார். வீட்டினுள் ஒலிக்கும் மணியும், இருப்பவரே பார்க்குந் திரையும் முதலில் அமைதல் வேண்டும். கடல்கடந்த தொலைபேசி அதற்குத் துணையே. அன்றியும், பெற்றார் எப்பொழுது வெளியே சென்றனர், எவர் வந்தார், எவ்வளவு நேரம் நின்று பேசினர் என்பன யாவும் மக்கள் கைக்கு நாடோறுஞ் செல்லும் என்பதைப் பெற்றார்க்கு உரைத்து, அவர் இசைவைப் பெற்ற பின்னரே பொருத்துதல் மரியாதை. காப்பதற்கும் கண்காணிப்பதற்கும் இடையேயுள்ள எல்லை முதியோரின் சம்மதமேயாகும்.

அயலார் உரிமை

ஒழுங்கைகளில் ஒருவர் படலை மற்றவர் படலையை நேர்நோக்கி நிற்பது வழக்கம். 160 பாகை நோக்குங் கண் எதிர்வீட்டு முற்றத்தையும், அங்கே துணி உலர்த்துவோரையும், ஒழுங்கையிற் செல்லும் பிள்ளைகளையும் நாள்முழுதும் பதிவு செய்யும். செக் குடியரசில் வீட்டில் அமைத்த ஒரு கமரா தொடர்பாக, பொதுவழியையும் பதியும் கமரா 'முற்றிலுந் தனிப்பட்ட வீட்டுப் பயன்பாடு' ஆகாது என ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014 திசெம்பரில் தீர்த்தது. 2021 ஒக்டோபரில் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் மாவட்ட நீதிமன்றம் அயலார் இருவரின் வழக்கொன்றிலே, அழைப்புமணி முதலிய கருவிகள் தொலைவிலுள்ளோர் பேச்சைப் பதிதல் படத்தினும் மிக்க அத்துமீறல் எனக் கண்டு, கருவி வைத்தவர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மீறினார் எனத் தீர்ப்பளித்தது.

இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் முற்றிலுந் தம் வீட்டுத் தேவைக்காகச் செய்வனவற்றைத் தன் எல்லைக்குப் புறத்தே விடுகின்றது. சட்டம் விலக்களிப்பினும் அறம் விலக்களிப்பதில்லை. 1983 முதல் 2009 வரையான போர்க்காலத்திற் சோதனைச் சாவடிகளிலே அடையாளங்காட்டி நின்ற தலைமுறையினருக்கு, காரணங் கூறாது நோக்கப்படுதலின் கசப்பை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆகவே, படத்தின் ஒரு பகுதியை மறைத்துவிடும் வசதியுடைய கருவியைத் தேர்ந்து, எதிர்வீட்டை மறைத்துவிடுதல் வேண்டும். ஒலிப்பதிவை நிறுத்தும் வசதியுங் கருவியில் இருத்தல் வேண்டும். அயலவரை அழைத்துத் திரையில் தெரிவதைக் காட்டுதல் எல்லாவற்றினுஞ் சிறந்தது. மறைவாய் வைத்த கண் பகையை வளர்க்கும், காட்டி வைத்த கண் இருவீட்டுக்குங் காவலாகும்.

முடிபு

படலைக்குங் கதவுக்குமுள்ள தூரத்தை அளத்தல்; அங்கே வைபை எட்டுமா எனச் சோதித்தல்; மின்னழுத்தம் பொருந்துமா என அறிதல்; மூன்று மீற்றருக்குள் முகம் வருமிடத்திற் பொருத்துதல்; வெயிலும் மழையும் படாமற் காத்தல்; ஐந்தாண்டுச் செலவைக் கணக்கிடுதல்; காட்சி எவர் கைக்குச் செல்லும் எனத் தெளிதல்; அயலாரின் முற்றத்தை விலக்குதல் என்னும் எட்டும் இத்தேர்வின் படிகள். இவற்றுட் படப்புள்ளிகளின் தொகையும் நிறுவனத்தின் பெயரும் இடம்பெறாமை கருதற்பாலது. நல்ல வாயில், உள்ளிருப்பார்க்கு அச்சத்தை நீக்குவது. வருவார்க்கு இழிவைத் தராதது. கதவைத் திறக்கலாம் என்னுந் துணிவை முதியோர்க்கு அளிக்கும் அழைப்புமணியே நன்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அழைப்புமணியாகும். கதவை என்றும் பூட்டியே வைக்கச் செய்வது அன்று.